மீபா மேலே ஏறிய வருஷம்

மலேசியாவில் பிரிமியர் லீக் என்றால் இரண்டாம் பிரிவு. தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அவர்களுக்கு பிரிமியர் லீக் என்றால் லிவர்பூலும் ஆர்சனலும். இங்கே 2004-இல் லீக்கைத் திருத்தி அமைத்தபோது மேல்தட்டுக்கு சூப்பர் லீக் என்றும் அதற்கு அடுத்த தட்டுக்கு பிரிமியர் லீக் என்றும் பெயர் வைத்தார்கள். மூன்றாவதாக எஃப்ஏஎம் லீக். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல நகைச்சுவைக்காரர். இரண்டாம் பிரிவில் ஆடுகிறவனும் வீட்டில் போய் "நான் பிரிமியர் லீக்கில் ஆடுகிறேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பிரிவின் ஒரு பருவத்தைப் பற்றியது. 2018. அந்த வருஷம் பட்டத்தை வென்று மேலே போனது ஃபெல்டா யுனைடெட். அதோடு சேர்ந்து மேலே போன இன்னொரு அணி மீபா, அதாவது மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் அணி. ஓர் இனத்தின் பெயரைத் தாங்கிய அணி தேசிய லீக்கின் உச்சிப் பிரிவுக்குப் போகும் தகுதியை ஆட்டத்தால் சம்பாதித்தது. நம் ஆட்கள் எத்தனை பேர் அதைக் கவனித்தோம் என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நானே அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட அரங்கத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. கிள்ளானில் பிறந்தவன், காற்பந்துப் பைத்தியம், சனிக்கிழமை இரவானால் இங்கிலாந்து ஆட்டத்துக்காக மாமாக் கடையில் நள்ளிரவு வரை உட்கார்ந்திருப்பவன். மீபாவின் முடிவுகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு "பரவால்லயே" என்று சொல்லிக்கொண்டேன். அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தின் அட்டவணையை இப்போது எடுத்துப் பார்த்தால் காற்பந்து அட்டவணை மாதிரியே இல்லை. நாட்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் மாதிரி இருக்கிறது. பினாங்கு, சபா, சரவாக் என்று மாநில அணிகள். அரச மலேசிய போலீஸின் அணி. யூகேஎம், யூஐடிஎம் என்று இரண்டு பல்கலைக்கழக அணிகள். இதில் யூஐடிஎம் பூமிபுத்ரா மாணவர்களுக்காக உருவானது. ஜொகூரின் இரண்டாம் அணி, திரெங்கானுவின் இரண்டாம் அணி. இவை முதல் அணிகளின் நாற்றங்கால்கள். ஜேடிடியின் இரண்டாம் அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே ஏற முடியாது, ஏனென்றால் மேலே ஏற்கெனவே அதன் அண்ணன் இருக்கிறான். நிலக் குடியேற்றத் திட்டத்தின் அணியாக ஃபெல்டா. இவற்றுக்கு நடுவில் மீபா. மாநிலம் இல்லை, வளாகம் இல்லை, சீருடைத் துறை இல்லை. இருந்தது ஓர் இனத்தின் பெயர் மட்டும்.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, இதைக் கேட்டுச் சிரித்தார். "போலீஸ்காரன்கூட ஆடுறப்ப ஃபவுல் வைக்க முடியுமாடா? மறுநாள் சம்மன் வந்துரும்."

மாமா கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டத்து அணியில் முன்வரிசை ஆட்டக்காரர். பிற்பாடு துறைமுகத்தில் லாரி ஓட்டினார். மீபாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் முதலில் பேச ஆரம்பித்தது மீபாவைப் பற்றி இல்லை, ஆறுமுகத்தைப் பற்றி.

ஆர். ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட கோல்கீப்பர். நீண்ட கைகள், அதனால் அந்தப் பெயர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோல் காத்தவர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றது. அன்றைக்குக் கோலில் நின்றவர் அவர்தான். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் போயிருந்த நேரம். மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அணி மாஸ்கோவுக்குப் போகவேயில்லை. 1988 டிசம்பரில் ஆறுமுகம் கார் விபத்தில் இறந்தார். 35 வயது. 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தில் முத்துக்குமார் என்ற கோல்கீப்பராக வருபவர் இவருடைய சாயல்தான்.

மாமா அந்தத் தென்கொரிய ஆட்டத்துக்குத் தோட்டத்து நண்பர்களோடு லாரியின் பின்பக்கத்தில் ஏறிப் போனவர். திரும்பி வரும்போது தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் பேச முடியவில்லை என்று அத்தை சொல்வார். "அன்னிக்கு மொத்த ஸ்டேடியமும் 'ஆறுமுகம், ஆறுமுகம்'னு கத்திச்சு. மலாய்க்காரன், சீனன், நம்மாளு எல்லாரும். அவன் இந்தியன் கோல்கீப்பர்னு எவனும் சொல்லல. சிலாங்கூர் கோல்கீப்பர், மலேசியா கோல்கீப்பர்." இதைச் சொல்லிவிட்டு மாமா சற்று நிறுத்தினார். "நமக்குன்னு தனியா டீம் வேணும்னு அப்ப யாருக்கும் தோணல."

மாமா சொல்வது உணர்ச்சியில் சரி, வரலாற்றில் பாதிதான் சரி. இந்த நாட்டில் காற்பந்து தொடங்கியதே இனவாரியாகத்தான். 1884-இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப் ஐரோப்பியர்களுடையது. கம்போங் பாருவின் சுல்தான் சுலைமான் கிளப் மலாய்க்காரர்களுடையது. கோலாலம்பூரில் 1914-இல் தமிழர்கள் தொடங்கிய உடற்பயிற்சிக் கழகம் டிபிசிஏ என்ற நான்கு எழுத்தில் இன்றும் நிற்கிறது. ஆங்கிலேயன் தன் கிளப் திடலுக்குள் யாரை விடுவான், யாரை விடமாட்டான் என்பதே ஆரம்ப காலத்து அணி அமைப்பைத் தீர்மானித்தது. உள்ளே விடாதவர்கள் தங்களுக்கென்று ஒரு திடலைத் தேடிக்கொண்டார்கள். 1921-இல் எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பலின் ஆட்கள் கொடுத்த கிண்ணத்துக்காக மலாயா கிண்ணப் போட்டி ஆரம்பித்தது. அதில் மோதியவை மாநிலங்கள். அந்த ஒரு விஷயம்தான் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் மாற்றியது என்று நினைக்கிறேன். சிலாங்கூர் ஜெயிக்க வேண்டும் என்றால் நல்ல ஆட்டக்காரன் எந்த இனமாக இருந்தாலும் வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்த சட்டைக்குள் போனால் எல்லாரும் சிலாங்கூர்க்காரர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். 1980 அணியின் தற்காப்பில் சந்தோக் சிங், சோ சின் அன், கோலில் ஆறுமுகம். தென்கொரியாவுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர் சபாவின் ஜேம்ஸ் வோங். மாமாவுக்கு நினைவிலிருப்பது இந்தக் காலம். அது உண்மையாகவே நடந்த காலம். அதனால்தான் அவரோடு வாதாட முடிவதில்லை.

அப்படியென்றால் 'இந்தியர்' என்று பெயர் போட்ட அணி ஏன் மறுபடி தேவைப்பட்டது? பதில் திடலில் இருக்கிறது. அதாவது, இல்லாமல் போன திடலில்.

தோட்டம் என்று ஒன்று இருந்தால் லயம் இருக்கும், கோயில் இருக்கும், தமிழ்ப்பள்ளி இருக்கும், கள்ளுக்கடை இருக்கும், பாடாங் இருக்கும். பாடாங் என்றால் திடல். காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு நின்று, வெட்டுக்குப் போய், பால் நிறுத்துவிட்டு வந்து, சாயங்காலம் நாலரை மணிக்கு அதே ஆட்கள் பாடாங்கில் இருப்பார்கள். துரைமாருக்கும் இது வசதி. பந்து உதைக்கிறவன் சங்கம் பேசமாட்டான் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. (அந்தக் கணக்கு எப்போதும் சரியாக வரவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்காரன் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது.) தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். கிராணி மகனும் பால்வெட்டுக்காரர் மகனும் ஒரே அணியில் ஆடுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் இதே கதை வேறு உடையில். அங்கே ரயில்வே. நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்து ஆடினார்கள். ஒய்எம்சிஏ பக்கத்தில்தான். துறைமுகம், ரயில்வே, அரசாங்கத் துறைகள், வங்கிகள் என்று எல்லாவற்றுக்கும் அணி இருந்தது. பந்து நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும், வேலையில் இருந்துகொண்டே மாநிலத் தேர்வாளர் கண்ணில் படலாம்.

எழுபதுகளிலிருந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறின. சீஃபீல்ட் தோட்டம் இன்றைக்கு யூஎஸ்ஜே. நார்த் ஹம்மோக் தோட்டம் இன்றைக்கு செத்தியா ஆலம். மிட்லண்ட்ஸ் தோட்டம் ஷா ஆலத்துக்குள் கரைந்துவிட்டது. பெயரை மட்டும் ஒரு தமிழ்ப்பள்ளி தூக்கி வைத்திருக்கிறது. ஆட்கள் நகரத்து ஓரங்களில் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடம் உண்டு, பாடாங் கிடையாது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் முழு அளவுத் திடல் உள்ளவற்றை எண்ண விரல்கள் அதிகம் தேவைப்படாது என்று ஆசிரிய நண்பர் ஒருவர் எரிச்சலோடு சொல்வார். கொஞ்சம் மிகைதான். ஆனால் நான் படித்த பள்ளியில் சபைகூடலும் காற்பந்தும் ஒரே சிமெண்ட் தரையில்தான் நடந்தன. அதே காலத்தில் ஆட்டக்காரர்களைத் தேடும் வழியும் மாறியது. தோட்டம், துறைமுகம், பொது லீக் என்ற ஏணி போய், விளையாட்டுப் பள்ளி, அகாடமி என்ற ஏணி வந்தது. முதல் ஏணியின் அடிப்படி நம் வாசலில் இருந்தது. இரண்டாவதின் அடிப்படி எங்கே இருக்கிறது என்றுகூட நம் பெற்றோர் பலருக்குத் தெரியாது.

2010-இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்த அணி இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் 4-2 என்று வென்று சுசுகி கிண்ணத்தை வாங்கி வந்தபோது நம் வீடுகளில் பட்டாசு வெடித்தார்கள். பயிற்றுநர் தமிழர், அணியில் எஸ். குணாளன், கே. குருசாமி. அன்றைக்கும் மாமா சொன்னார், "ரெண்டு பேருதான் இருக்காங்க, பாத்தியா?" எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கே வந்துவிட்டிருந்தது. 1980-இல் எண்ணாதவர்.

இந்த எண்ணிக்கையிலிருந்து பிறந்ததுதான் மீபா. அதன் தலைவர் டி. மோகன் மஇகா அரசியல்வாதி. மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றத்தின் பெயரையும் சேர்த்து எம்ஐஎஸ்சி-மீபா என்று அணி ஆடியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டிகள், பயிற்சிகள் என்று கீழேயிருந்து ஆள் திரட்டும் வேலையும் கூடவே நடந்தது. 2016-இல் மூன்றாம் பிரிவிலிருந்து ஏறி, 2017-இல் பிரிமியர் லீக்குக்கு வந்தார்கள். அணியில் எல்லாருமே இந்தியர்கள் என்று நினைக்க வேண்டாம். மற்ற இனத்தவரும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். ஆனாலும் சட்டையில் இருந்த பெயர் ஒன்றுதான். கோஷம் போடப் போனால் எதைச் சொல்லிப் போடுவது? ஊர் பெயரைச் சொல்லிக் கத்தலாம். மாநிலப் பெயரைச் சொல்லிக் கத்தலாம். ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லி எப்படிக் கத்துவது? மீபாவின் முதல் சிக்கல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிள்ளான் தமிழனுக்கு ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. சிலாங்கூர். அப்பா வழியில் வந்த சொத்து மாதிரி. இன்னோர் அணியை நேசிக்கச் சொன்னால் அவனுக்குக் கைகால் ஓடாது.

இரண்டாம் சிக்கல் அரசியல். 2018 பருவம் நடந்துகொண்டிருந்தபோதுதான் மே 9 வந்தது. நாடு விடுதலை அடைந்ததிலிருந்து ஆண்ட கூட்டணி 61 வருஷத்துக்குப் பிறகு தோற்றது. மஇகாவுக்கு நாடாளுமன்றத்தில் மிஞ்சியது இரண்டே தொகுதிகள். தேநீர்க் கடைகளில் மஇகா என்ற சொல்லைக் கேட்டாலே சிரிக்கும் காலம். அதே பருவத்தில் மஇகா அரசியல்வாதி ஒருவர் தலைமையேற்ற காற்பந்து அணி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கட்சிமேல் இருந்த கோபத்தில் பந்தைப் பார்க்க மறந்தோம். நியாயமா என்று கேட்டால், இல்லை. அந்தச் சட்டையைப் போட்டு ஓடிய இருபது வயதுப் பையனுக்கும் எந்தக் கட்சி எத்தனை தொகுதி வாங்கியது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

அந்த வருஷத்தில் என்னை மிகவும் உறுத்துகிற விஷயம் இன்னொன்று. மீபாவோடு மேலே ஏறியது ஃபெல்டா. 1956-இல் தொடங்கிய ஃபெல்டா, நிலமற்ற ஏழைக் குடும்பங்களைக் காட்டை வெட்டிய பூமியில் குடியேற்றி, ரப்பரும் செம்பனையும் நடக் கொடுத்து, அந்த நிலத்தையே அவர்களுக்குச் சொந்தமாக்கிய திட்டம். பயன் பெற்றவர்கள் பெரும்பாலும் கிராமத்து மலாய்க்காரர்கள். அதற்கு மூன்று தலைமுறை முன்பிருந்தே ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத் தமிழனுக்கு அந்தத் திட்டத்தில் பெரிதாக இடம் இருக்கவில்லை. அவன் வெட்டியது கம்பெனி மரம், படுத்தது கம்பெனி லயம். கம்பெனி தோட்டத்தை விற்றால் அவன் போக வேண்டியதுதான். விடுதலைக்குப் பின் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் போட்ட சிறு தொகையில் தோட்டங்களையே வாங்க முயன்ற கதை அது. இன்றைக்கு பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்கு அவர் பெயர்தான். அந்தச் சாலையில் பூக்கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் நடக்கும்போது எத்தனை பேருக்கு இது ஞாபகம் வருமோ.

ஆக, ஒரே பயிரில் உழைத்த இரண்டு கூட்டம். ஒன்றுக்கு நிலம் கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. 2018-இல் இரண்டு கூட்டத்தின் பெயரிலும் இருந்த அணிகள் ஒன்றாகப் படியேறின. இதை யாரும் திட்டமிடவில்லை, பத்திரிகைகளும் இப்படிப் பார்த்து எழுதவில்லை. மாமாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அவனுங்க டீமுக்குப் பின்னாடி ஃபெல்டா காசு இருந்துச்சு. நம்ம டீமுக்குப் பின்னாடி யாரு இருந்தா?" என்றார். எனக்கு அது இடித்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் டிக்கெட் வாங்காத நானும் ஒருவன்.

மேலே ஏறிய உடனே மீபாவின் பெயர் போயிற்று. 2019 சூப்பர் லீக்கில் ஆடியது பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி. சட்டையில் கியூநெட் நிறுவனத்தின் விளம்பரம், சொந்த அரங்கம் கிளானா ஜெயாவில் உள்ள எம்பிபிஜே. சங்கத்தின் பெயரில் சிக்கித் தவித்த அணிக்கு ஓர் ஊர் கிடைத்தது. ஒரு வகையில் இது சரியான முடிவு என்றுதான் அப்போது நினைத்தேன். பணம் போடுகிறவர்களுக்கு ஊர்ப் பெயர் வசதி. பல இன நாட்டில் ஓர் இனப் பெயரோடு உச்சிப் பிரிவில் ஆடுவது எல்லார் கண்ணையும் உறுத்தும். ஆஸ்திரேலியாவில் இதைச் சட்டமாகவே செய்தார்கள். அங்கே குடியேறிய கிரேக்கர்களும் குரோவேஷியர்களும் இத்தாலியர்களும் தொடங்கிய கிளப்புகள்தான் காற்பந்தை வளர்த்தன. தொண்ணூறுகளில் சம்மேளனம், இனப் பெயர்களைக் கழற்று என்றது. சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ், வெறும் சவுத் மெல்பர்ன் ஆனது. பிறகு அந்த லீக்கையே மூடிவிட்டு 2005-இல் புதிய லீக்கை ஆரம்பித்தார்கள். அதில் அந்தப் பழைய கிளப்புகளுக்கு இடமில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-இல் தொடங்கியது. 1934-இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். தொடர்ந்து ஐந்து வருஷம் வென்றது. வங்காள முஸ்லிம்களின் அணி என்றே பெயர். பின்னாளில் சரிந்தது, கடன்பட்டது, கீழ்ப்பிரிவுகளில் அலைந்தது. ஆனால் பெயரை விடவில்லை. 2024-இல் இந்தியாவின் இரண்டாம் பிரிவான ஐ-லீக்கை வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறியபோதும் அதே பெயரோடுதான் ஏறியது. தென்னமெரிக்காவில் சிலியின் பலஸ்தீனோவும் அப்படித்தான். 1920-இலிருந்து பாலஸ்தீனக் குடியேறிகளின் பெயரோடு ஆடுகிறது, இரண்டு முறை சிலியின் பட்டத்தையும் வென்றிருக்கிறது. பெயரை வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்பதில்லை. ஆனால் அந்தக் கிளப்புகளுக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு கேலரியில் நின்ற கூட்டம் இருந்தது. தோற்றுத் திரும்பும்போது அழுத கூட்டம். மீபாவுக்கு அது வாய்க்கவில்லை. காப்பாற்ற ஆள் இல்லாத பெயரைத்தான் கழற்றினார்கள் என்றும் சொல்லலாம்.

பிஜே சிட்டி நான்கு பருவங்கள் சூப்பர் லீக்கில் ஆடியது. ஒரு முறைகூடக் கீழே இறங்கவில்லை. பி. மணியம் பயிற்றுநராக இருந்தார். 2021-இல் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க உள்நாட்டு ஆட்டக்காரர்களை வைத்தே உச்சிப் பிரிவில் ஆடினார்கள். மற்ற அணிகள் பிரேசில், ஆப்பிரிக்கா என்று ஆள் இறக்கிக்கொண்டிருந்த லீக்கில் இப்படி ஆடுவது சைக்கிளில் போய் ஹைவேயில் ஏறுகிற மாதிரி. ஆனாலும் பிரிவில் நிலைத்தார்கள். இந்தியர் அணியாகத் தொடங்கிய ஒன்று கடைசியில் லீக்கிலேயே மிகவும் மலேசிய அணியாக ஆனது. இதைப் பாராட்டிப் பேச வேண்டிய நேரத்தில் அரங்கம் காலியாக இருந்தது. அதற்குக் கோவிட் மட்டும் காரணம் இல்லை.

2022-இல் ஒரு நாள் மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளானா ஜெயாவுக்குப் போனேன். சிலாங்கூரோடு ஆட்டம். அந்தக் காலத்தில் இரண்டு அணிகளுக்கும் அதே அரங்கம்தான் சொந்த வீடு. யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்பதையே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாமா காரிலிருந்து இறங்கியபோது பார்க்கிறேன், சிவப்புச் சட்டை.

"மாமா, நம்ம டீம் அந்தப் பக்கம்."

"எந்த நம்ம டீமு? நான் பொறந்ததுலேருந்து சிலாங்கூர்டா. நேத்து ஆரம்பிச்ச டீமுக்காக இன்னிக்கு சட்டை மாத்தச் சொல்றியா?"

சிலாங்கூர் ரசிகர்கள் பக்கம் முரசு, கொடி, பாட்டு. எதிர்ப்பக்கம் கை விட்டு எண்ணலாம். மாமா முரசுப் பக்கம் உட்கார்ந்தார், நானும் கூடவே. ஆட்டம் ஆரம்பித்து இருபது நிமிஷம் இருக்கும். பிஜே சிட்டியின் பையன் ஒருவன் ஓரக்கோட்டில் பந்தை வாங்கி உள்ளே வெட்டிக்கொண்டு வந்தான். ஒலிபெருக்கியில் வாசித்த பட்டியலில் தமிழ்ப் பெயராகக் கேட்ட பையன். மாமா எழுந்துவிட்டார். "அப்படித்தான்யா! விடாத, விடாத, உள்ள போ!" முன்வரிசையில் இருந்த மலாய்ப் பையன்கள் திரும்பி அவர் சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. "நல்லா ஆடுறவன யாரா இருந்தாலும் பாராட்டணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு அந்தப் பையன் பந்தைத் தொடும்போதெல்லாம் அவர் கை என் முழங்காலைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது.

அந்தப் பருவம் முடிந்ததும் பிஜே சிட்டி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. தோற்று இறங்கவில்லை; விலகியது. அதற்கு முன்பே, 2020 பருவத்தோடு, ஃபெல்டா யுனைடெட்டும் போய்விட்டிருந்தது. 2018-இல் ஒன்றாகப் படியேறிய இரண்டு அணிகளும் இன்று இல்லை. அவர்கள் ஏறி வந்த படியும் இல்லை. 2022-தான் பிரிமியர் லீக்கின் கடைசிப் பருவம். 2023-இலிருந்து 14 அணிகளோடு ஒரே சூப்பர் லீக் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு சங்கம், ஒரு பல்கலைக்கழகம், ஒரு போலீஸ் படை எல்லாம் தேசிய அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற அந்த வினோதமான இரண்டாம் தட்டு முடிந்தது. தேசிய லீக் இனி பணமுள்ள கிளப்புகளின் விவகாரம். 2014-இலிருந்து ஜேடிடியைத் தவிர வேறு யாரும் சூப்பர் லீக் பட்டத்தை எடுக்கவில்லை என்பது அதைச் சொல்லும்.

பிஜே சிட்டி விலகிய செய்தி வந்த அன்று நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பெரிய துக்கம். "நம் இனத்தின் ஒரே அணி", "யாரும் ஆதரிக்கவில்லை" என்று நீளமான பதிவுகள். நானும் ஒன்று எழுதினேன். எழுதி முடித்து அனுப்பும்போதுதான், மீபா என்ற பெயரில் அது ஆடியபோது ஒரு டிக்கெட்டும் வாங்காதவன் நான் என்பது உறைத்தது. அழித்துவிட்டேன்.

போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பேரன், பதினொரு வயது, தமிழ்ப்பள்ளி மாணவன், செத்தியா ஆலத்தில் ஃபுட்சல் ஆடப் போக வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடும் கூரை போட்ட இடம். ஆளுக்குப் பத்து வெள்ளி பங்கு. மாமா காசை எடுத்துக் கொடுத்துவிட்டு, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பினார். நானும் போனேன். வழியில் ஒரு பேரங்காடிப் பக்கம் காரை மெதுவாக ஓட்டினார். "இங்கதான்டா நார்த் ஹம்மோக் தோட்டம். எங்க டீமு இங்க வந்து ஆடிருக்கு. அந்த லாம்பு போஸ்ட்டு பக்கமா ஒரு கோல் கம்பம் இருந்திருக்கும்னு நெனைக்கிறேன்." பேரன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இறங்கும்போது அவன் மேல்சட்டையைக் கழற்றினான். உள்ளே ஜேடிடி ஜெர்சி. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவனையே பார்த்தார். மீபா போனபோதுகூட அவர் முகத்தில் நான் அப்படி ஒரு வலியைப் பார்த்ததில்லை.

"ஏன்யா, சிலாங்கூர்கூட இல்லையா?"

"தாத்தா, சிலாங்கூர் எப்பவும் தோக்குது தாத்தா" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே ஓடினான்.